இடது காதுப் பக்கம்

இந்தக் காழி நீதிமன்றத்தில் உங்கள் மேசைக்கு மேலே சுற்றும் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், காழியார் அவர்களே, அந்தக் கறகறப்பு நின்றுவிடும். வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வாய்த்த காது அப்படி. சின்ன வயதிலேயே எங்கள் கூரையில் எந்தத் தகரம் ஆணி கழன்று ஆடுகிறது என்று கீழே படுத்துக்கொண்டே சொல்லிவிடுவேன். வாப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் அதே தகரமாகத்தான் இருக்கும்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் தங்கச்சி ஜெனூபாவை மாவடிப்பள்ளி றஸாக்குக்கு நிகாஹ் செய்து வைத்த அன்று, அவளிடம் சம்மதம் கேட்டாயா என்று கேட்டீர்கள். வாப்பா மௌத்தாகிவிட்டதால் மூத்த காக்காவான நான்தான் அவளுக்கு வலீ, பொறுப்பாளி. கேட்டேன். இரண்டு சாட்சிகள் வாசலில் நிற்க, மாப்பிள்ளையின் பெயரையும் அவர் கொடுக்கும் மஹரையும் சொல்லி முறைப்படி கேட்டேன். அவள் பேசாமல் இருந்தாள். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அவள் இங்கே வந்து, என்னிடம் யாரும் கேட்கவில்லை, இந்த நிகாஹ் செல்லாது என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்பதை விளக்கக் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், றிஸ்மி. அடுத்தவன் பர்ஸான். கடைக்குட்டி ஜெனூபா. ‘கரவாகு சகோதரர்கள்’ என்று ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மினுங்குகிற சட்டையும் புகையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. தொடக்கத்தில் அது அப்படி இல்லை. நானும் பர்ஸானும், ஒரு றபானும், ஒரு பழைய ஆர்மோனியமும். அவ்வளவுதான். மீலாத் விழா, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு, கல்யாண வீடு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். பர்ஸான் றபான் அடிப்பான், நான் பாடுவேன். ‘தோணி திரும்பும் நேரம்’ என்று நானே கட்டிய பாட்டொன்று இருந்தது. கடலுக்குப் போனவன் வரக் காத்திருக்கிற மனைவியின் பாட்டு. நிறுத்தி நிறுத்தி, மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு பாடவேண்டும். கல்முனைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் அதைப் பாடியபோது, திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் மூக்குறிஞ்சும் சத்தம் எனக்கு மேடையில் கேட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு பர்ஸான் கட்டாருக்குப் போனான். ஒரு ஹோட்டலில் வேலை. அங்கே வாரக் கடைசியில் வெள்ளைக்காரக் கிழடுகள் ஆடுவதற்காகப் பழைய டிஸ்கோ பாட்டுகள் போடுவார்களாம். இவன் தட்டுக் கழுவிக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறான். ஊரிலிருந்து போன மற்றப் பிள்ளைகள் கம்பளியும் வாசனைத் தைலமும் கொண்டு வந்து இறங்க, இவன் ஒரு கீபோர்டையும் அந்தப் பைத்தியத்தையும் கொண்டு வந்து இறங்கினான். டிஸ்கோ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அதில் பெரிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கதவைத் திறக்கும்வரை ஒருவன் விடாமல் தட்டிக்கொண்டிருப்பது போல, டும், டும், டும், டும் என்று ஒரே அடி. மூச்சு விட இடமில்லை. மனிதன் துக்கப்படவும் இடமில்லை. 

எங்கள் ஸகியா மாமியின் மகளுடைய கல்யாணத்தில்தான் எல்லாம் தொடங்கியது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் குரவை போட்டார்கள். எங்கள் பக்கத்துக் குரவையை நீங்கள் கேட்டு வளர்ந்தவர்தான். நாக்கைச் சுழற்றி, தொண்டையிலிருந்து ஒரே இழுப்பாக எழுப்புவது. அன்று ஜெனூபாவின் குரவை மற்ற எல்லாக் குரவைக்கும் மேலே ஏறி நின்றது. பர்ஸான் தன் கைத்தொலைபேசியில் அதைப் பதிந்துகொண்டான். இரண்டு கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு இருந்தான். பிறகு என்னை வான் வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஒரு பாட்டைப் போட்டுக்காட்டினான்.

அது என்னுடைய ‘தோணி’. ஆனால் அடியில் டும், டும், டும். நான் நிறுத்திப் பாடும் இடங்களில் எல்லாம் தங்கச்சியின் குரவை. பாடியதும் அவள்தான், எனக்குத் தெரியாமல் பாடவைத்துப் பதிந்திருக்கிறான். கடைசிவரை என் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பர்ஸான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “காக்கா, குறை நினைக்காதீங்க. உங்கட குரல் நல்ல குரல்தான். ஆனா இது ஆடுற பாட்டு. உங்கட குரலக் கேட்டா ஆக்கள் குந்தியிரிந்து அழுவாங்க” என்றான்.

“அப்ப நான் என்ன செய்ற?” என்று கேட்டேன்.

“நீங்க சவுண்டப் பாருங்க. உங்கட காதப் போல ஒரு காது இந்த இலங்கையிலயே இல்ல.”

சரி என்றேன். அது எனக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. என் மனைவி நஸீறாகூட நம்பவில்லை. எனக்குப் பிரச்சினை அந்தப் பாட்டு அல்ல, காழியார் அவர்களே. எனக்குப் பிரச்சினை அதற்குப் பிறகு நான் பார்த்தவை.

பாட்டு பரவியது. எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள். முச்சக்கர வண்டிக்காரன் முதல் பேக்கரிக்காரன் வரை எல்லார் கையிலும் அதுதான் ஒலித்தது. கொழும்பிலிருந்து குணம் என்றொரு இசைத் தயாரிப்பாளர் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் உம்மாவின் வீட்டு முன்னறை ஒத்திகை அறையானது. சுவரெல்லாம் முட்டை வைக்கும் அட்டை ஒட்டினார்கள். பர்ஸானுக்குக் கண்ணாடித் துண்டு தைத்த கோட்டு. ஜெனூபாவுக்குத் தலைமுதல் கால்வரை மூடிய உடைதான், தலையில் முக்காடும்தான், ஆனால் அது முழுக்க வெள்ளிச் சரிகை, வெளிச்சம் பட்டால் அயிரைமீன் கூட்டம் புரள்வது போல இருக்கும். அவள் ஆடமாட்டாள். நின்ற இடத்தில் நின்று பாடுவாள், குரவை போடுவாள். ஆடுவது கீழே நிற்கிற சனம்.

அந்தச் சனத்தை ஒலி மிக்ஸருக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். கல்யாண மண்டபங்களில், கொழும்பு ஹோட்டல்களில், கடற்கரைத் திடல்களில். வயிறு குலுங்க ஆடுகிற, கட்டட வேலை எடுக்கிற கொந்தராத்துக்காரர்கள். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்ட வாத்தியார்கள். புகை இயந்திரம் கக்குகிற புகைக்கு ஒரு தித்திப்பு நாற்றம் உண்டு, அழுகிய பழத்தில் சீனி தூவியது போல. அது சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. நஸீறா என் சட்டையை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு போய்த் தனி வாளியில் போடுவாள். ஊர் எதிர்க்கும் என்று நம்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் யாராவது எழுந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒரு நிகழ்ச்சி முடிய, பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிற பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. அவர் என் தோளில் கை போட்டு, “தம்பி, நம்மட ஊருக்குப் பேர் எடுத்துத் தந்திட்டீங்க. என்ட புள்ளைகள் ஜெனூபாவோட ஒரு போட்டோ எடுக்கணுமாம்” என்றார். அவர் வாயில் வெற்றிலை நாற்றம். அன்று வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

ஆக, ஊர் செய்ய மாட்டாது என்று தெரிந்துகொண்டேன். யாராவது செய்யவேண்டியிருந்தது.

மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் சின்ன இயர்போன் சொருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தங்கள் குரல் தங்களுக்குக் கேட்பதற்கு. அதில் எது எவ்வளவு கேட்கவேண்டும் என்பதை முடிவு செய்வது சவுண்ட்காரன், அதாவது நான். ஜெனூபா இடது காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வாள். சனத்தின் சத்தமும் கேட்டால்தான் அவளுக்குப் பாட்டு வருமாம், அதனால் வலது காது திறந்திருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த இயர்போனைத் துடைத்து வைப்பது என் வேலை. அதன் நுனியில் மஞ்சளாகக் குறும்பி ஒட்டியிருக்கும். பஞ்சால் துடைப்பேன். சொந்தத் தங்கச்சியின் காதழுக்கு. ஒரு காலத்தில் ஒரு மண்டபம் முழுக்க அழவைத்தவன், பிறகு இதைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அதில் கோபம் இல்லை. அருவருப்பு மட்டும்தான்.

சத்தம் ஓர் அளவுக்கு மேலே காதுக்குள் போகாமல் தடுக்க அந்தக் கருவியில் ஒரு பூட்டு உண்டு. அதை எடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கொஞ்சம், கொஞ்சம் மட்டும், கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டினால் அவள் துள்ளிப்போவாள். கொஞ்சமாகக் கூட்டினால் காது பழகிக்கொள்ளும், அடுத்த கிழமை அவளே கையைத் தூக்கி, இன்னும் கூட்டுங்கள் என்று சைகை காட்டுவாள். நான் கூட்டுவேன். அவள் கேட்டுத்தான் கூட்டினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாச் சத்தத்தையும் கூட்டவில்லை. மேளம் காதை அவ்வளவாகக் கெடுக்காது. கூரான சத்தம்தான் அரிக்கும். எங்களிடம் இருந்த சத்தங்களில் மிகவும் கூரானது எது என்று பார்த்தேன். அவளுடைய குரவை. பர்ஸான் பதிந்து வைத்திருந்த அதே குரவை, பாட்டுக்கு நாலைந்து தடவை வரும். அதை மட்டும் வேறாகப் பிரித்து அவள் இடது காதுக்கு அனுப்பினேன். அவளுடைய சத்தம் அவளிடமே போனது. நான் வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டு வரவில்லை.

ஒரு நாள் அசறுத் தொழுகைக்குப் பிறகு, உம்மாவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவள் காதைப் பொத்திப் பொத்தித் திறந்தாள்.

“காக்கா, காதுக்குள்ள ஆரோ குரவை போட்டுக்கிட்டே இரிக்கிற மாதிரி இரிக்கி. படுத்தாலும் நிக்குதில்ல.”

“கடல் தண்ணி போயிரிக்கும்” என்றேன். “மடியில சாயிகா. எண்ண விட்டாச் சரியாப் போயிரும்.”

என் மடியில் தலை வைத்துச் சாய்ந்துகொண்டாள். நல்லெண்ணெயில் உள்ளிப் பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடாகக் காய்ச்சி, பஞ்சில் நனைத்து அவள் இடது காதில் விட்டேன். வாப்பா மௌத்தானபோது அவளுக்கு ஐந்து வயது. அப்போதும் காதுக் குத்து வந்தால் இப்படித்தான் விடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “காக்காட கைபட்டாச் சுகம்” என்றாள். எண்ணெய் கழுத்தில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டேன். அன்பு இல்லாதவன் இதைச் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குணத்துக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. கொழும்பில் ஒலிப்பதிவு செய்யும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி சுருதியில நிக்கிறா இல்லை. ஒரு காது டொக்டரிட்டக் காட்டுங்கோ” என்றார். காட்டினேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஜெனூபாவிடம், குணம் உன் பாட்டைக் குறை சொல்கிறார், டொக்டர் அது இதென்று போனால் உன்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றேன். அதற்குப் பிறகு அவள் காதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும் சொல்வாள்.

நான் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பேன். அவளுக்கு இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டு, சாதாரணமாகக் கதைக்கிற சத்தத்தில், “தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சயா?” என்று கேட்பேன். முதலில் திரும்பிப் பார்ப்பாள். சில மாதம் கழித்து, நிழல் விழுந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள். பிறகு ஒருநாள் நான் கேட்டேன், அவள் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு தன்பாட்டில் இருந்தாள். அந்தப் பக்கம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கு நெஞ்சு லேசானது. இனிமேல் பாட மாட்டாள், எல்லாம் தானாகத் தணிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் பாடினாள். ஒரு காதை வைத்துக்கொண்டு முன்பைவிட நன்றாகப் பாடினாள். பிழை வரும் இடங்களில் தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்த்துச் சுருதி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். சனம் அதையும் ஒரு ஆட்டமாக எடுத்துக்கொண்டு தங்கள் தொண்டையில் கை வைத்துக்கொண்டு ஆடியது. அந்தக் காட்சியைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். கடவுச்சீட்டு எடுத்தார்கள், பர்ஸானும் அவளும். ஒலிக்கு அங்கேயே ஆள் இருக்கிறதாம், என்னைக் கூட்டிப்போகத் தேவையில்லை என்று குணம் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாவடிப்பள்ளி றஸாக்கின் சம்பந்தம் வந்தது. வந்தது என்றால், நான் போய்க் கதைத்து வரவழைத்தேன். வயல்காரர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. ஒருமுறை கல்யாணம் கட்டி விட்டவர். முதல் வார்த்தையே, “பாட்டுக் கூத்தெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்றார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது. உம்மாவின் வீடு ஜெனூபாவின் சீதன வீடு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தானே வீடு. மாப்பிள்ளை வந்து இறங்கினால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். அந்த வீட்டு முன்னறைக்குப் புது மாப்பிள்ளை வந்தால் கீபோர்டும் முட்டை அட்டையும் எங்கே போகும். ஒருவரும் சண்டை பிடிக்காமல், ஊர் வழமைப்படியே, குழு தெருவுக்கு வந்துவிடும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

உம்மாவைச் சம்மதிக்கவைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. குமர் கரையேறாமல் இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உம்மா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதா. பர்ஸான் கொழும்பில் நின்றான். ஜெனூபா நாலு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம்தான் வந்தாள். என் இடப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் சொல்வது அவளுக்குக் கேட்கும்.

“உம்மா அழுறாவே எண்டு கலியாணத்துக்கு உடுத்துறன் காக்கா. ஆனா எனக்கு இந்த மாப்புள வேணா. வலீ நீங்கதானே, நீங்கதானே கேக்க வருவீங்க. சாட்சிக்காரங்களுக்கு முன்னால நான் இல்ல எண்டு சொல்லுவன். மறுகா உம்மாவாலயும் ஒண்டும் செய்யேலாது.”

“ஆக்களுக்கு முன்னால சொல்லுவயா?” என்று கேட்டேன்.

“ஓம். ஆயிரம் பேருக்கு முன்னால பாடுறவள்தானே. ஒரு சொல்லுச் சொல்றதுக்கு என்ன பயம்?” என்று சிரித்தாள். பிறகு, “காக்கா, நீங்க என்ட பக்கம்தானே?” என்றாள்.

“அது உன்ட உரிம, தங்கச்சி” என்றேன்.

இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எந்தப் பொருளை எங்கே வைத்தால் எந்தச் சத்தம் எங்கே கேட்காது என்பது என் தொழில். கல்யாண நாள் காலையில் மணப்பெண் அறையை நான்தான் ஒழுங்கு பண்ணினேன். அவள் உட்காரும் கதிரையை ஜன்னலைப் பார்க்கப் போட்டேன். அப்படிப் போட்டால் வாசல் அவளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் வரும். ஸகியா மாமியையும் குரவைக்காரப் பெண்களையும் அவளுக்கு வலப்பக்கமாக, தோளோடு தோள் நிற்கச் சொன்னேன். ஊர்வலம் ஜன்னல் வழியாகத் தெரியும், மாப்பிள்ளை படலையைத் தாண்டியதும் விடாமல் போடுங்கள், இது குரவையால் பேர் வாங்கின வீடு என்றேன். மாமிக்கு ஒரே சந்தோஷம். ஜெனூபா பொன்சரிகை முக்காட்டுக்குள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பயப்படவில்லை. கையில் மருதோன்றி காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை படலைக்கு வந்தார். குரவை எழுந்தது. என் கணக்குக்கு மேலாகவே எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாட்சிகள் இருவரையும் வாசலில் நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். அவளுடைய இடப்பக்கமாக, நாற்காலிக்குச் சற்றுப் பின்னால் குனிந்தேன். அவளுடைய இடது காதுக்கு ஒரு முழம் தூரத்தில் என் வாய் இருந்தது. மாவடிப்பள்ளி றஸாக்கை, சொன்ன மஹருக்கு, உனக்கு நிகாஹ் செய்து வைக்கச் சம்மதமா என்று ஒரு சொல் விடாமல் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். ஒரு முறை போதும் என்று சாட்சிக்காரர் கை காட்டினார். அவள் தலை நிமிரவில்லை. முக்காட்டின் ஓரத்தில் அந்தக் காதைப் பார்த்தேன். தோடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு விட்டு மடல் கொஞ்சம் கறுத்திருந்தது. சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். “புள்ள வெக்கப்படுது” என்றார் ஒருவர்.

வெளியே வந்து, வலீ என்ற முறையில் மாப்பிள்ளையிடம் கையைக் கொடுத்தேன். நிகாஹ் முடிந்தது. நானே கையெழுத்து வைத்தேன். பெண் கையெழுத்து வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பிறகு மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப்போகுமுன், ஒழுங்கெல்லாம் சரியா என்று பார்க்க நான் ஒருமுறை அறைக்குப் போனேன். குரவை ஓய்ந்து பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெனூபா என் நிழலைக் கண்டுவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “காக்கா, இன்னும் கேக்க வரல்லியே. எப்ப வருவீங்க?” என்றாள்.

நான் சுற்றி வந்து அவளுடைய வலப்பக்கம் நின்றேன். அவளுக்குத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக.

“கேட்டாச்சி, தங்கச்சி” என்றேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. ஸகியா மாமியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அவள் கதிரை போட்டிருக்கிற விதத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, மருதோன்றி படாமல் விரலை மடக்கிக்கொண்டு, இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் முன்பு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். நஸீறா என் சட்டையை விரல் நுனியில் தூக்கும்போது பார்க்கிற பார்வை அது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். பெண்கள் திரும்பவும் குரவை போட்டார்கள். ஜெனூபா போடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மறுநாள் பர்ஸான் கொழும்பிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். மட்டக்களப்பில் டொக்டர் பார்த்துவிட்டு, போன காது போனதுதான், வலது காதுக்கும் கொஞ்சம் சேதம் என்று சொல்லியிருக்கிறார். பர்ஸான் மிக்ஸரைத் திறந்து, நான் வைத்திருந்த அளவுகளைப் பார்த்திருக்கிறான். அவன் என்னோடு கதைப்பதில்லை. உம்மா கதைப்பா, ஆனால் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. லண்டன் பயணம் நின்றுபோனது. கரவாகு சகோதரர்கள் என்று இனி யாரும் இல்லை. மேடைகளில் அந்தப் புகை இல்லை, அந்தக் கண்ணாடிக் கோட்டு இல்லை. அதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சம்மதம் இல்லாத நிகாஹை, இல்லை என்று தெரிந்தே செய்து வைத்தேன். அவள் இல்லை என்று சொல்லப் போகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். அவளுக்குக் கேட்காது என்பதும் தெரியும். ஏனென்றால் அந்தக் காதைக் கேட்காமல் ஆக்கியவன் நான். இந்த நிகாஹை நீங்கள் ரத்துச் செய்தால் நான் தடுக்க மாட்டேன். செய்ததெல்லாம் குடும்பத்தின் மானத்துக்காகவும் மார்க்கத்துக்காகவும் செய்தேன். அதில் என் சுயநலம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கு நான் எவ்வளவோ நன்றாக இருந்திருப்பேன். குழு நின்றுபோனால் கல்யாண வீட்டுக்காரர்கள் திரும்பவும் என்னைத் தேடி வருவார்கள் என்று நஸீறா சொன்னாள், கிண்டலாகத்தான் சொன்னாள். றபானைத் தட்டிச் சரிசெய்து, குரலையும் கொஞ்சம் சாதகம் பண்ணி வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கொழும்பிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி கொண்டு வந்து அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்கள், குரவையோடு. நான் சவுண்ட் வாடகைக்குக் கொடுத்த வீட்டில்கூட அதுதான் போட்டார்கள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்கள் எழுத்தர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கையெழுத்துப் போடுகிறேன். பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் சரி. ஒரே ஒரு இடம் மட்டும் பிழை. தொழில் என்ற இடத்தில் ‘ஒலிபெருக்கி வேலை’ என்று போட்டிருக்கிறார். அதை வெட்டிவிட்டு, பாடகர் என்று எழுதச் சொல்லுங்கள்.